பால் கொடுத்த ஓநாய்

அயர்லாந்தின் தாராவை ஆண்டதாகக் கதைகள் கொண்டாடும் அரசன் கார்மக் மக் ஆர்ட், அரண்மனையில் வளர்ந்தவன் அல்ல. கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பெண் ஓநாய் அவனைத் தூக்கிப்போய்த் தன் குட்டிகளோடு சேர்த்து வளர்த்தது. அது அவனை வளர்த்த இடம் என்று ஸ்லைகோ மாவட்டத்தின் கெஷ்கோரன் குகைகளை மக்கள் இன்றும் காட்டுகிறார்கள்.

எம்லி நகரின் புனித அய்ல்பே கதை இன்னும் நெருக்கமானது. கொன்றுவிடச் சொல்லி அரசன் கொடுத்த சிசுவை, மனம் வராத வேலையாட்கள் ஒரு பாறையின் பின்னால் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஓநாய் பால் கொடுத்துக் காப்பாற்றுகிறது. பின்னர் ஒருவர் குழந்தையைக் கண்டெடுத்துத் தூக்கிச் செல்ல, ஓநாய் அழுதுகொண்டே பின்னால் ஓடுகிறது. ஆண்டுகள் பல கழிந்து, வேட்டைக்காரர்கள் துரத்திய ஒரு கிழட்டு ஓநாய் ஆயராகிவிட்ட அய்ல்பேயிடம் ஓடிவந்து அவர் மார்பில் தலை வைக்கிறது. வளர்த்தவளை அவர் அடையாளம் கண்டுகொள்கிறார். அவளும் அவள் குட்டிகளும் அன்றுமுதல் அவருடைய பந்தியில் சாப்பிடுகிறார்கள்.

துறவிகளின் வரலாறுகளில் இப்படியொரு காட்சி இடம்பிடித்தது சாதாரண விஷயமல்ல. ஆடு மாடுகளே செல்வமாக இருந்த நாட்டில், மந்தையைத் தின்னும் விலங்குக்குப் பந்தியில் இடம் கொடுத்திருக்கிறார்கள்!

அச்சமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஆநிரை கவரும் போரைச் சொல்லும் அல்ஸ்டர் காவியத்தில், போர்த்தெய்வம் மாரிகன் ஓநாய் உருவெடுத்து மாடுகளை வெருட்டி வீரன் கூ ஹுலினை மடக்கப் பார்க்கிறாள். அவன் கவண்கல்லால் அவள் கண்ணை உடைக்கிறான். குருவாகன் குகையிலிருந்து ஆண்டுதோறும் மூன்று ஓநாய்ப் பெண்கள் வெளியேறி ஆடுகளை அழிப்பதாக இன்னொரு கதை. இசையில் மயங்கி மனித உருவுக்குத் திரும்பிய நேரத்தில், ஒரே ஈட்டி மூவரையும் துளைத்துவிடுகிறது.

இவை எல்லாவற்றையும்விட விரிவாகப் பேசப்பட வேண்டியது ஒசரி என்ற பகுதியின் ஓநாய்களைப் பற்றிய கதை. வேல்ஸ் நாட்டு ஜெரால்டு என்ற குருவானவர் 1188 வாக்கில் அதை எழுதினார். அல்ஸ்டரிலிருந்து மீத் நோக்கிப் பயணம் செய்த ஒரு பாதிரியார் காட்டில் நெருப்பு மூட்டி இரவைக் கழிக்கிறார். ஓர் ஓநாய் அருகில் வந்து, பயப்படாதீர்கள் என்று பேசுகிறது. புனித நத்தாலிஸின் சாபத்தால் ஒசரியைச் சேர்ந்த ஓர் ஆணும் பெண்ணும் ஏழு ஆண்டுகள் ஓநாயாகத் திரிய வேண்டும். தன் துணை சாகக் கிடக்கிறாள், இறுதி நற்கருணை கொடுங்கள் என்று கெஞ்சுகிறது. பாதிரியார் தயங்குகிறார். ஆண் ஓநாய் முன்னங்காலைக் கை போல நீட்டி, துணையின் தோலைத் தலையிலிருந்து தொப்புள்வரை உரித்து மடக்குகிறது. உள்ளே இருப்பவள் ஒரு மூதாட்டி. அவர் நற்கருணை கொடுக்கிறார்.

ஜெரால்டு, அயர்லாந்தின் மேல் படையெடுத்த நார்மானியக் குடும்பத்தின் உறவினர். அந்த மக்களை நாகரிகமற்றவர்கள் என்று காட்டுவதில் அவருக்கு ஆதாயம் இருந்தது; இதை மறந்துவிட்டு அவரைப் படிக்கக் கூடாது. ஆனாலும் அவர் பதிவு செய்த ஓநாய் ரத்தம் கேட்கவில்லை, சாகும் துணைக்காகப் பிரார்த்தனை கேட்கிறது. கதையை அவருக்குச் சொன்னவர்களின் குரல் அதில்தான் இருக்கிறது.

மனிதருக்கும் ஓநாய்க்கும் இருந்த இந்த உறவை அறுத்தது ஆங்கிலேய ஆட்சி. இங்கிலாந்தின் குரோம்வெல் படை அயர்லாந்தில் பெற்ற வெற்றிக்குப் பிறகு, ஓநாய் வேட்டைநாய்களை வெளிநாட்டுக்கு அனுப்ப 1652-ல் தடை வந்தது. அடுத்த ஆண்டே தலைக்கு விலை வைத்தார்கள்: பெண் ஓநாய்க்கு 6 பவுண்டு, ஆணுக்கு 5. காடுகளும் வேகமாக அழிந்தன. 1786-ல் கார்லோ மாவட்டத்தில், மவுண்ட் லெய்ன்ஸ்டர் அருகே கொல்லப்பட்டதையே கடைசி ஓநாய் என்று பலரும் குறிப்பிடுகிறார்கள்.

2019-ல் அயர்லாந்துப் பசுமைக் கட்சியின் அன்றைய தலைவர் ஈமன் ரயன், ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று யோசனை சொன்னார். ஆட்டுக்காரர்களின் கவலை நியாயமானது. அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த விவாதத்தில் அய்ல்பேயின் பந்தியையும் பேச வேண்டும்.