டிடி-830டி: மலிவு மல்டிமீட்டரின் பயனும் எல்லையும்

பழுதுபார்க்கும் வேலையில் பெரும்பொழுது, பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடுவதிலேயே கழிகிறது. மின்சாரம் கண்ணுக்குத் தெரியாதது என்பதால், மிக்ஸியோ இஸ்திரிப் பெட்டியோ இருசக்கர வண்டியோ நின்றுபோகும்போது, ஐயத்துக்குரிய உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வழக்கம் வீடுகளில் மட்டுமின்றிப் பட்டறைகளிலும் வேரூன்றிவிட்டது. நல்ல நிலையில் உள்ள பேட்டரி பழைய விலைக்குப் போவதும், கார்பன் தேய்ந்த மிக்ஸிக்குக் காயில் எரிந்துவிட்டதாகத் தீர்ப்புச் சொல்லப்படுவதும் இந்த வழக்கத்தின் விளைவுகளே. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அளக்கும் மல்டிமீட்டர் அந்த ஊகத்துக்கு மாற்றாக எண்ணைத் தருகிறது. அவ்வகைக் கருவிகளுள் மிக மலிவானதும், சென்னை ரிச்சி தெரு முதல் சிற்றூர் மின்பொருள் கடை வரை எங்கும் கிடைப்பதுமான டிடி-830டி என்னும் மாதிரி, வீட்டுப் பழுதுபார்ப்புக்கு எந்த அளவு போதும், எந்த இடத்தில் அதை நம்பக் கூடாது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

டிடி-830டி ஒரே நிறுவனத்தின் பொருள் அன்று. பல பெயர்களில், பல தொழிற்சாலைகளில், ஏறத்தாழ ஒரே அமைப்பில் செய்யப்படும் கருவி அது. உள்ளங்கைக்குள் அடங்கும் நெகிழிப் பெட்டி, நடுவில் ஒரு திருகு, மேலே எண்திரை, வலப்பக்கத்தில் மேலிருந்து கீழாக மூன்று துளைகள், சிவப்பும் கறுப்புமாக இரண்டு முனைக்கம்பிகள் என்பதே அதன் முழு உருவம். கீழ்த்துளை பொதுத்துளை, கறுப்புக் கம்பி எப்போதும் அதில்தான் இருக்கும். நடுத்துளை மின்னழுத்தம், மின்தடை, சிறிய மின்னோட்டம் ஆகியவற்றுக்கும், மேல்துளை பத்து ஆம்பியர் வரையிலான மின்னோட்டத்துக்கும் உரியவை. அளவு வரம்பைப் பயன்படுத்துவோரே திருகித் தேர்ந்தெடுக்க வேண்டும்; தானாக வரம்பு மாறும் வசதி இதில் இல்லை. தொடக்கத்தில் இது தொல்லையாகத் தோன்றினாலும், அளக்கப்போகும் எண் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை இது உண்டாக்குவதால், கற்றுக்கொள்வோருக்கு இதை ஒரு நன்மையாகவே கொள்ள வேண்டும்.

மூன்று அளவைகளையும் ஒரே பெட்டியில் அடக்கும் எண்ணம் பழையது. பிரித்தானிய அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்ட் மக்காடி வடிவமைத்த ஆவோமீட்டர் 1923-இல் விற்பனைக்கு வந்தது. அதில் முள் அசைந்தது. இதில் எண் தெரிகிறது. எண்ணாக மாற்றும் வேலையைச் செய்வது, 1970களின் பிற்பகுதியில் இன்டர்சில் நிறுவனம் வெளியிட்ட 7106 என்னும் சில்லின் வழிவந்த சில்லு. அளக்கவேண்டிய அழுத்தத்தால் ஒரு மின்தேக்கியைக் குறிப்பிட்ட நேரம் நிரப்பி, பிறகு அளவு தெரிந்த ஓர் அழுத்தத்தைக் கொண்டு அதைக் காலிசெய்து, காலியாக எடுத்துக்கொண்ட நேரத்தை எண்ணுவது அதன் முறை. ஒரே மின்தேக்கி நிரம்பவும் வடியவும் செய்வதால், அது வயதாகித் தரம் குறைந்தாலும் பிழை பெரும்பாலும் தன்னைத்தானே ஈடுசெய்துகொள்கிறது. திரையில் காணக்கூடிய மிகப்பெரிய எண் 1999. முதல் இலக்கம் ஒன்றாகவோ வெறுமையாகவோ மட்டுமே இருக்க இயலும் என்பதால் இதனை மூன்றரை இலக்கக் கருவி என்பர். அளவு வரம்பை மீறினால் திரையின் இடக்கோடியில் தனியே ‘1’ மட்டும் நிற்கும். மின்தடை அளக்கும்போது அதற்கு ‘இணைப்பு அறுந்திருக்கிறது’ என்பதே பொருள்.

இக்கருவியின் திறன் மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் இஸ்திரிப் பெட்டி. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, சூட்டுத் திருகை நடுவில் வைத்து, மீட்டரை இருநூறு ஓம் வரம்புக்குத் திருப்பி, பிளக்கின் இரண்டு சிறிய பின்களிலும் முனைகளை வைத்தால், ஆயிரம் வாட் பெட்டி ஐம்பது ஓமுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். 230 வோல்ட்டின் வர்க்கத்தை ஆயிரத்தால் வகுத்தால் 52.9 வருவதே இதற்குக் காரணம். இதே கணக்கில் 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு 35 ஓம் அளவில் இருக்கும். எண்ணுக்குப் பதில் ‘1’ நின்றால் வயர், தெர்மோஸ்டாட், வெப்ப ஃப்யூஸ், எலிமென்ட் ஆகிய நான்கில் ஒன்று அறுந்திருக்கிறது. முனைகளை அப்படியே அழுத்திப் பிடித்தபடி, வயர் பெட்டிக்குள் நுழையும் கழுத்தை இன்னொருவர் மெல்ல வளைத்துப் பார்க்கும்போது எண் தோன்றித் தோன்றி மறையுமானால், உள்ளே எதையும் கழற்றத் தேவையில்லை. ஓயாமல் மடங்கிய அந்த இடத்தில் செம்பு இழைகள் அறுந்துவிட்டன, வயரை மாற்றினால் போதும். தொடர்ந்து, பெரிய பின்னாகிய எர்த் பின்னுக்கும் பெட்டியின் அடித்தட்டுக்கும் இடையே மின்தடை ஏறத்தாழச் சுழியமாக இருக்கிறதா என்று பார்ப்பது, உயிரைக் காக்கும் அரை நிமிட வேலை. எர்த் அறுந்த பெட்டி வழக்கம்போலவே சூடேறிக்கொண்டிருக்கும் என்பதால், அளந்து பார்க்காமல் அக்குறையைக் கண்டறிய வழியில்லை.

மிக்ஸியில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். நிலையான சுருளும் சுழலும் ஆர்மேச்சரும் தொடராக இணைந்து, இடையில் இரண்டு கார்பன் கட்டைகள் வழியாக மின்சாரம் செல்லும் அமைப்பு அது. அடியில் உள்ள சிவப்பு ஓவர்லோடு பொத்தானை அழுத்திய பின்னும் ஓடாத மிக்ஸியைப் பிளக்கிலேயே அளக்கலாம். வேகத் திருகை மிக உயர்ந்த நிலையில் வைத்து, மேலுள்ள இணைப்பியைக் கையால் மெல்லச் சுழற்றும்போது சில பத்து ஓம் அளவில் எண் ஏறி இறங்கினால் சுற்று முழுமையாக இருக்கிறது. சில இடங்களில் மட்டும் ‘1’ எட்டிப்பார்த்தால் கார்பன் தேய்ந்து கம்யூட்டேட்டரைச் சரியாகத் தொடவில்லை என்று கொள்ளலாம். கார்பன் ஜோடியின் விலையையும் ஆர்மேச்சரின் விலையையும் ஒப்பிட்டால், இந்த ஓர் அளவீட்டிலேயே கருவிக்குக் கொடுத்த பணம் திரும்பிவிடும்.

இருசக்கர வண்டியில் இதன் பயன் இன்னும் பெரிது. பன்னிரண்டு வோல்ட் ஈய-அமில பேட்டரியை, வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, இருபது வோல்ட் நேர்த்திசை வரம்பில் அளந்தால், 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ முழு மின்னேற்றத்தையும், 12.4 முக்கால் பங்கையும், 12.2 பாதியையும், 12-க்குக் கீழ் ஏறத்தாழ வெறுமையையும் குறிக்கும். செல்ஃப் ஸ்டார்ட்டை அழுத்தும் நொடியில் அழுத்தம் ஒன்பதரை வோல்ட்டுக்குக் கீழ் சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது எனலாம். எஞ்சின் ஓடும்போது ஆக்சிலரேட்டரைச் சற்றுத் திருகினால் எண் 13.5-க்கும் 14.8-க்கும் இடையே ஏறி நிற்க வேண்டும். பன்னிரண்டரையிலேயே தங்கிவிட்டால் குறை பேட்டரியில் இல்லை, சார்ஜிங் காயிலிலோ ஆர்.ஆர். யூனிட் எனப்படும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புதுப் பேட்டரி வாங்குவோர், சில வாரங்களில் அதுவும் வெறுமையாகி, மீண்டும் கடை வாசலில் நிற்க நேரிடும்.

துல்லியம் பற்றி இங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இவ்வகைக் கருவிகளின் கையேட்டில் நேர்த்திசை அழுத்தத்துக்கு அரை விழுக்காடும் கடைசி இலக்கத்தில் இரண்டும் பிழை எனக் குறிக்கப்படுவது வழக்கம். 12.60 என்று காட்டும்போது அப்பிழை ஏறக்குறைய 0.08 வோல்ட் ஆகும். முழு மின்னேற்றத்துக்கும் முக்கால் பங்குக்கும் உள்ள வேறுபாடே 0.2 வோல்ட்தான் என்பதால், ஒரே மீட்டரில் மாதந்தோறும் அளந்து எண் இறங்குகிறதா என்று ஒப்பிடுவது, ஒரே ஓர் அளவீட்டைக் கொண்டு தீர்ப்பு எழுதுவதைவிட நம்பத்தக்கது.

கருவியால் இயலாதவையும் உண்டு. மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதற்கு மிகப் பொதுவான காரணம், 2.5 மைக்ரோஃபேரட் கண்டன்சர் கொள்ளளவு குறைந்துபோவது. டிடி-830டி கொள்ளளவை அளக்காது. மாறுதிசை மின்னோட்டத்தையும் இது அளக்காது என்பதால் ஃப்ரிட்ஜோ நீர்மோட்டாரோ எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அறியக் கிளாம்ப் மீட்டர் வேண்டும். கிரைண்டர் மோட்டாரில் உடல் ஷாக் அடிக்கிறதா என்ற கேள்விக்கும் இதன் விடை அரைகுறையானதே. மின்தடை அளக்க இது செலுத்துவது மிகச் சிறிய அழுத்தம், ஈரம் ஊறிய காப்போ 230 வோல்ட்டில்தான் விட்டுக்கொடுக்கும். அதனால்தான் எலக்ட்ரீஷியன்கள் 500 வோல்ட் செலுத்திச் சோதிக்கும் மெகரைக் கையாள்கின்றனர். இன்வெர்ட்டர் வெளியீட்டை அளக்கும்போதும் ஏமாற நேரும். இந்த மீட்டர் அலையின் சராசரியை அளந்து, அது சீரான சைன் அலை என்று கருதி 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. விலை குறைந்த இன்வெர்ட்டர் தரும் சதுர அலை 325 வோல்ட் உச்சமும் பாதி நேர இடைவெளியும் கொண்டதானால், உண்மைப் பயன்மதிப்பு 230 வோல்ட்டாக இருக்கையில் திரையில் 180 என்று தெரியும். நல்ல நிலையில் உள்ள இன்வெர்ட்டர் இந்த எண்ணைக் காரணம் காட்டிப் பழுது எனத் தள்ளப்படலாம்.

இவை எல்லாவற்றினும் பெரிய குறை பாதுகாப்பு சார்ந்தது. பத்து ஆம்பியர் துளைக்குப் பின்னால் ஃப்யூஸ் கிடையாது. முகப்பிலேயே அவ்வாறு அச்சிட்டிருப்பார்கள். உள்ளே அத்துளையைப் பொதுத்துளையோடு இணைப்பது வளைந்த தடித்த கம்பித் துண்டு, அதாவது ஏறத்தாழ நேரடி இணைப்பு. வண்டியின் மின்னோட்டத்தை அளந்துவிட்டுச் சிவப்புக் கம்பியை நடுத்துளைக்கு மாற்ற மறந்து, அதே நிலையில் சுவர்ச் சாக்கெட்டில் முனைகளை நுழைத்தால், அது ஃபேஸையும் நியூட்ரலையும் கையால் இணைப்பதற்கு நிகர். முனை உருகித் தெறிக்கும், கையும் கண்ணும் அருகில் இருக்கும். நடுத்துளையில் உள்ள சிறு கண்ணாடி ஃப்யூஸும் பெரிய மின்னோட்டத்தை அறுக்கும் திறனுடையதன்று; தரமான கருவிகளில் மணல் நிரப்பிய பீங்கான் ஃப்யூஸ் இருப்பது, அறுபடும்போது எழும் தீப்பொறியை உள்ளேயே அணைப்பதற்காக. ஐஇசி 61010 என்னும் பன்னாட்டுத் தரநிலை, அளக்கும் இடத்தைப் பொறுத்து மீட்டர்களை வகைப்படுத்துகிறது. சாக்கெட்டில் செருகும் கருவிகள் இரண்டாம் வகை, வீட்டின் விநியோகப் பலகை மூன்றாம் வகை, மின்வாரியக் கம்பி வந்து சேரும் இடம் நான்காம் வகை. மலிவு மீட்டரின் மேல் அச்சிட்ட வகை எண்ணுக்கு உள்ளே இருக்கும் உறுப்புகள் ஈடு கொடுக்கும் என்று நம்ப இடமில்லை.

ஆகவே பேட்டரியிலும், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய கருவிகளிலும் டிடி-830டி முழு மனத்துடன் பரிந்துரைக்கத் தக்கது. மின்சாரம் ஓடும் சுவர்ச் சாக்கெட்டிலும் ஃப்யூஸ் பலகையிலும் அன்று. நியூட்ரல் அறுந்த வீட்டில் ஏதேனும் ஒரு விளக்கின் சுவிட்ச் போட்டிருந்தால் சாக்கெட்டின் இரு துளையிலும் டெஸ்டர் எரியும் என்பதால், அத்தகைய பழுதைத் துப்பறிய மீட்டர் தேவைதான். ஆனால் அதற்கு உரியது, எல்லாத் துளைகளுக்கும் பீங்கான் ஃப்யூஸும், விரல் வழுக்காத விளிம்புடைய முனைகளும் கொண்ட, பல மடங்கு விலையுள்ள கருவி.

வாங்குவோர் கடையிலேயே செய்து பார்க்கவேண்டிய சோதனை எளிது. இருநூறு ஓம் வரம்பில் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தால் கம்பிகளின் சொந்த மின்தடை திரையில் தெரியும். அது ஓர் ஓமுக்குள் அசையாமல் நிற்க வேண்டும், பிறகு அளக்கும் சிறிய மின்தடைகளிலிருந்து அந்த எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். கம்பியை அசைக்கும்போது எண் துள்ளினால் வேறு ஜோடி கேட்பதே முறை. உள்ளிருக்கும் ஒன்பது வோல்ட் சதுர பேட்டரியையும் மறக்கலாகாது. தானாக அணையும் வசதி இல்லாததால் திருகை அணைப்பு நிலைக்குத் திருப்பாமல் வைத்தால் அது தீர்ந்துபோகும்; தளர்ந்த பேட்டரியில் ஒப்பீட்டு அழுத்தம் இறங்கிவிடுவதால் மீட்டர் எல்லாவற்றையும் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். வண்டி பேட்டரி 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஆர்.ஆர். யூனிட்டைக் கழற்றும் முன் மீட்டரின் பின்மூடியிலுள்ள திருகாணிகளைக் கழற்றிப் புதுச் சதுர பேட்டரி போட்டு மறுபடி அளப்பது நலம்.