ஆப்பரா அரங்கில் மேல்வரி: மொழிபெயர்ப்பும் பொருள் சேரும் நேரமும்

இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளில் இயற்றப்பெற்ற ஆப்பராக்கள், அம்மொழிகளை அறியாத பார்வையாளர் முன்னிலையில் பாடப்பெறுவது மேலைநாட்டு அரங்குகளில் நெடுநாள் வழக்கமாகும். பாட்டு செவியை எட்டுகிறது, பொருள் எட்டுவதில்லை. இக்குறையை நீக்க வந்ததே மேடையின் மேல்விளிம்பில் ஒன்றிரண்டு வரிகளாகக் காட்டப்பெறும் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் சர்டைட்டில் எனப்படும் இதனைத் தமிழில் மேல்வரி எனலாம். இது பற்றிய விவாதம் பெரும்பாலும், மேல்வரி வசதியா இடையூறா என்னும் வினாவோடு நின்றுவிடுகிறது. மேல்வரியை மொழிபெயர்ப்பாகவே கொண்டு மதிப்பிட வேண்டும் என்பதும், அம்மதிப்பீட்டில் சொற்பொருளின் செம்மையோடு பொருள் வந்து சேரும் நேரமும் அளவுகோலாக வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. மேல்வரிக்கு முந்தைய நிலை

1711இல் ஹாண்டலின் 'ரினால்டோ' இலண்டனில் இத்தாலிய மொழியில் அரங்கேறியது. அக்கால இலண்டன் அரங்குகளில் ஒருபக்கம் மூலமும் எதிர்ப்பக்கம் ஆங்கிலமும் அச்சிட்ட பாடல் நூல் விற்கப்பெற்றது. நிகழ்ச்சியின்போது விளக்குகள் அணைக்கப்படாமையால் பார்வையாளர் அதனைப் படித்துக்கொண்டே கேட்க முடிந்தது. அதே ஆண்டில் ஜோசப் அடிசன் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் இந்நிலையை எள்ளி எழுதினார். இத்தாலிய மெட்டுக்கு ஆங்கிலச் சொற்களைப் பொருத்தியபோது, இரக்கத்திற்கென அமைந்த இசை சினத்தைக் குறிக்கும் சொல்லின்மேல் விழுந்ததை அவர் சுட்டினார். பாடுவதற்கான மொழிபெயர்ப்பில் சொல்லின் பொருளோடு அதன் இடமும் காக்கப்பட வேண்டும் என்னும் உண்மை இவ்வெள்ளலில் பொதிந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரங்கை இருளாக்கும் வழக்கம் பரவியபின், நூலைப் படித்துக்கொண்டே கேட்பது அரிதாயிற்று. கதைச்சுருக்கத்தை முன்னரே படித்து நினைவில் கொள்வதே பலருக்கு வழியாயிற்று.

2. மேல்வரியின் வருகை

1983 ஜனவரியில் டொராண்டோ நகரில் கனடிய ஆப்பரா நிறுவனம் ரிச்சர்டு ஸ்ட்ராஸின் 'எலெக்ட்ரா'வை மேல்வரியுடன் நிகழ்த்தியது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா 1995இல் வேறொரு முறையை மேற்கொண்டது. அங்கே வரிகள் முன்னிருக்கையின் பின்புறச் சிறுதிரையில் தோன்றும், வேண்டாதவர் அணைத்துவிடலாம். ஆங்கிலத்திலேயே பாடுவதைக் கொள்கையாகக் கொண்ட இலண்டனின் இங்கிலீஷ் நேஷனல் ஆப்பரா 2005இல் மேல்வரியை ஏற்றபோது கடும் விவாதம் எழுந்தது. ஆங்கிலப் பாட்டுக்கு ஆங்கில வரி எதற்கு என்பதே எதிர்த்தோரின் வினா. ஆயினும், பெண் குரல் உச்சத் தாயியை அடையும்போது உயிரொலிகளின் வேறுபாடு மங்கிவிடும் என்பது ஒலியியலார் அறிந்ததே. தாய்மொழியாயினும் பாடப்படும் மொழி முழுதும் விளங்குவதில்லை. எனவே மேல்வரி அயல்மொழித் தடையை மட்டும் நீக்குவதன்று.

3. நேரமே அளவுகோல்

படிக்கும் கண் பாடும் குரலைவிட விரைவானது. மேல்வரியின் சிக்கல் அனைத்திற்கும் இதுவே வேர். மோட்ஸார்ட்டின் 'ஃபிகரோவின் திருமணம்' (1786) மூன்றாம் அங்கத்தில், ஃபிகரோவும் மார்செலினாவும் தழுவி நிற்பதைக் கண்டு சூசன்னா அவனை அறைகிறாள். அவள் அவனுடைய தாய் என்னும் செய்தி பின்னர் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்கு வியப்போடு கடந்து செல்கிறது. நகைச்சுவை அச்செய்தியின் புதுமையில் இல்லை; அது கைமாறும் வரிசையில் உள்ளது. முழுவதையும் ஒரே வரியில் காட்டினால் பாடகர் பாடுமுன்பே அவையில் சிரிப்பு எழும். பாடகரோ அடங்கிய அவைக்குப் பாட நேரும். மொழிபெயர்ப்பில் பிழை இராது; ஆனால் காட்சி கெடும்.

புச்சினியின் 'லா போயெம்' (1896) முடிவு இதற்கு மறுதலையான சான்று. மிமி இறந்ததை நண்பர் இருவர் முதலில் உணர்கின்றனர். அவர்கள் முகத்தைக் கண்டே ரொடால்ஃபோ அறிந்து, அவள் பெயரைச் சொல்லிக் கதறுகிறான். பெயருக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. அங்கே திரை வெறுமையாக இருப்பதே தக்க பெயர்ப்பு. பல்லவி போல் மீண்டும் மீண்டும் வரும் அடிகளுக்கும் இது பொருந்தும். வெர்டியின் 'ரிகலெட்டோ' (1851) நால்வர் பாட்டிலோ நான்கு மனநிலைகள் ஒருங்கே ஒலிக்கின்றன. எவர் சொல்லைக் காட்டுவது, எவரை இசைக்கு விடுவது என்னும் தேர்வு மொழிபெயர்ப்பாளருடையது. அத்தேர்வு விளக்கவுரையேயாகும்.

4. பாலே தரும் ஒப்பீடு

பாலேயில் சொல் இல்லை. எனினும் மொழி உண்டு. மரபான பாலேயில் தலைக்கு மேல் கைகளைச் சுழற்றுதல் நடனத்தையும், மோதிரவிரலைச் சுட்டுதல் திருமணத்தையும் உணர்த்தும். 1841இல் பாரிசில் அரங்கேறிய 'ஜிசெல்'லில், மணமாகுமுன் இறந்த மகளிரின் ஆவிகள் பற்றித் தாய் எச்சரிப்பது இத்தகைய சைகைகளால்தான். இச்சைகைகளை இன்றைய பார்வையாளர் பலர் அறியார். சில தயாரிப்புகளில் அப்பகுதி சுருக்கவும் படுகிறது. அவர்களுக்குத் துணை, திரை உயருமுன் படித்த கதைச்சுருக்கமே. கதைச்சுருக்கம் பார்வையைப் பிரிப்பதில்லை. ஆனால் அனைத்தையும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. மேல்வரி பொருளை உரிய நேரத்தில் தரவல்லது. ஆனால் கண்ணை மேடையிலிருந்து விலக்குகிறது. இரண்டில் எதுவும் இழப்பற்றதன்று.

5. தமிழ் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது

தமிழில் மேல்வரி எழுதப் புகுவோர்க்கு வினைமுற்று இறுதியில் நிற்கும் தொடரமைப்பு தனிச் சிக்கலாகும். நீண்ட தொடரை இரு வரிகளாகப் பகுத்தால், ஆங்கிலத்தில் வினை முதல் வரியிலேயே வெளிப்படும். தமிழிலோ அது இரண்டாம் வரிக்குத் தள்ளப்படும். எதிர்மறையும் வினையோடு ஒட்டியே வருவதால், பாடகர் மறுத்து முடித்த பின்னும் படிப்பவர் காத்திருக்க நேரும். நீண்ட தொடரைத் தனித்தனியே முற்றுப்பெறும் சிறுதொடர்களாக்குதல் ஒரு தீர்வு. அடிசன் சுட்டிய இடச்சிக்கல் இங்கே காலச்சிக்கலாக மீள்கிறது.

6. முடிவுரை

ஆப்பரா விமரிசனங்கள் பாடகரையும் இசைக்குழுவையும் காட்சியமைப்பையும் நுணுகி மதிப்பிடுகின்றன. மேல்வரி எழுதியவரை அரிதாகவே குறிப்பிடுகின்றன. ஆனால் அவை எப்போது சிரித்தது, எப்போது கண் கலங்கியது என்பதில் அவருக்கும் பங்குண்டு. அவர் எழுதியவற்றோடு எழுதாது விட்டவற்றையும் கருதி மதிப்பிடுவதே நேரிய திறனாய்வாகும்.