கதைமாந்தர் பற்றும் சமயப் பற்றும்: கண்ணகியை முன்னிறுத்தி ஒரு நோக்கு

முன்னுரை

கதையில் வரும் ஒருவரின் இறப்புக்காக நாம் அழுகிறோம். அவரைப் பழிப்போர்மீது சினம் கொள்கிறோம். இப்பற்று சமயப் பற்றை ஒத்தது என்னும் கருத்துப் புதிதன்று. ஆயினும் அது பெரும்பாலும் வாசகரின் அறியாமையைச் சுட்டும் இழிவுரையாகவே வழங்கிவருகிறது. இவ்வொப்புமையை நிறுவுவதோ மறுப்பதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு மாந்தர்மீது கொண்ட பற்று, அம்மாந்தரின் கதையிலுள்ள நெருடலான பகுதிகளை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. கண்ணகி வரலாற்றில் வாழ்ந்தவளா என்பது இவ்வாய்வுக்குப் புறம்பானது.

பற்றின் இருவேறு நிலைகள்

குலசேகராழ்வாரைப் பற்றி வைணவ மரபு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. பதினாலாயிரம் அரக்கரோடு வந்த கரனை இராமன் தனித்து எதிர்கொண்டான் என்று உபந்நியாசகர் சொல்லக் கேட்ட அவர், தம் படையைத் திரட்டிப் புறப்பட ஆணையிட்டார். இராமன் தனியனாகவே வென்றான் என்று கேட்ட பின்னரே அமைதியுற்றார். இராமகதையில் தோய்ந்தவர் அவர். முடிவை அறியாதவர் அல்லர். எனவே இதனை அறியாமை என்று ஒதுக்க இயலாது. அறிந்த கதையும் கேட்கும் பொழுதில் நிகழ்காலமாகிவிடுகிறது; கேட்பவரிடம் ஒரு கடமையை எழுப்புகிறது.

ஆங்கில வாசகரிடையே இப்பற்று வேறு வடிவம் கொண்டது. 1893-இல் ஆர்தர் கோனன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்றுவிட்டார். வாசகர் அதனை ஏற்கவில்லை. 1903-இல் ஹோம்ஸ் உயிரோடு மீண்டார். பேக்கர் தெரு 221பி என்னும் கற்பனை முகவரிக்கு உதவி வேண்டிக் கடிதங்கள் வந்தன. பின்னாளில் அவ்வெண்ணை உள்ளடக்கிய கட்டடத்தில் இயங்கிய நிதிநிறுவனம், அவற்றுக்கு விடையெழுதவே ஒரு செயலரை அமர்த்தியது. பிற்காலத்தில் கத்தோலிக்கக் குருவாகி விவிலியத்தை மொழிபெயர்த்த ரொனால்ட் நாக்ஸ், 1911-இல் விவிலிய ஆய்வுமுறையை நகையுணர்வோடு ஹோம்ஸ் கதைகளின்மீது செலுத்தினார். அக்கதைகளைத் திருமறைத் தொகுதி போல் கருதும் வழக்கமும் அன்பரிடையே நிலைபெற்றது. வாட்சனின் போர்க்காயம் ஒரு கதையில் தோளிலும் மற்றொன்றில் காலிலும் இருப்பதை அவர்கள் மறைக்கவில்லை. அதை வைத்தே விளையாடினர். இங்குப் பற்றும் ஐயமும் ஒன்றையொன்று விலக்கவில்லை.

கண்ணகி: காப்பியமும் வழிபாடும்

சிலப்பதிகாரம், தன் தலைவி தெய்வமாவதைத் தானே எடுத்துரைக்கும் காப்பியம். சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிக் கோயில் எடுக்கிறான். இலங்கைக் கயவாகுவும் அவ்வழிபாட்டில் இணைகிறான். அதே காப்பியம் இவ்வழிபாட்டின் விலையையும் ஒளிக்கவில்லை. மதுரையை எரிக்குமுன் அந்தணர், அறவோர், பசுக்கள், கற்புடை மகளிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரைக் கண்ணகி விலக்குகிறாள். ஏனைய நகரமாந்தரின் நிலை என்ன என்னும் வினா எஞ்சுகிறது. அதனினும் கடியது மற்றொரு செய்தி: கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலியிட்டான். ஒருவன் செய்த வஞ்சனைக்கு அவன் தொழிலினர் ஆயிரவர் மாண்டனர். அதன்பின் நாட்டில் மழை பெய்து வளம் பெருகிற்று என்கிறது உரைபெறு கட்டுரை. மேடைப் பேச்சுகளில் இப்பகுதி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

கிழக்கிலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகி அம்மன் கோயில்கள் பலவுள்ளன. அங்கு வைகாசிச் சடங்கில் 'கண்ணகி வழக்குரை' படிக்கப்படுகிறது. சடங்கு குளிர்த்தியில் நிறைவுறுகிறது. குளிர்த்தி என்னும் சொல்லே கருதத்தக்கது. எரித்தவளின் வெம்மை தணிக்கப்பட வேண்டும் என்பது அச்சடங்கின் அடிப்படை. அடியார் அவளுடைய வழக்கை ஏற்கின்றனர். ஆனால் அவள் சினம் அப்படியே நிலைத்திருக்கலாகாது என்றும் உணர்கின்றனர். வழிபாட்டுக்குள்ளேயே ஒரு மதிப்பீடு இயங்குகிறது. அது வாதமாக வெளிப்படாமல் சடங்காக வெளிப்படுகிறது.

சிலையான கண்ணகி

1968-இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாக் கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை எழுந்தது. கோயில் சாராத, இலக்கியத்தின் பெயரால் நிறுவப்பட்ட சிலை அது. கையில் சிலம்பேந்தி நீதி கேட்கும் கணமே அங்கு வடிக்கப்பட்டது. அக்கணத்தைத் தொடர்ந்த தீயும், பின்வந்த பலியும் சிலையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. 2001 டிசம்பரில் அது அகற்றப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பும், 2006-இல் மீண்டும் நிறுவப்பட்டபோது விளைந்த மகிழ்ச்சியும், ஒரு புனிதப் பொருளை இழந்து மீளப் பெற்றவர்களின் உணர்வுகளே. அவ்வுணர்வு இழிவானதன்று. மொழியின் மானத்தை ஒரு பெண்ணின் உருவில் கண்டோர்க்கு அது இயல்பே. ஆயின் இங்கு ஹோம்ஸ் அன்பரின் நகையுமில்லை. மட்டக்களப்பு அடியாரின் குளிர்த்தியுமில்லை. காப்பியம் தானே சொன்ன பொற்கொல்லர் கதையை எழுப்புவோர் கண்ணகியைப் பழிப்போராகக் கருதப்படும் நிலை இதனாலேயே நேர்கிறது.

முடிவுரை

சமயப் பற்று வினாவை அடைக்கும், இலக்கியப் பற்று வினாவுக்கு இடந்தரும் என்பது நம் கல்விப்புலத்தின் பொதுவான எடுகோள். கண்ணகியின் நிலை இதற்கு மாறாக உள்ளது. அவளைத் தெய்வமாகத் தொழுவோர் அவளுடைய தீயை நினைவில் வைத்து ஆண்டுதோறும் தணிக்கின்றனர்; இலக்கியச் சின்னமாகப் போற்றுவோர் அதைப் பேசாது விடுகின்றனர். ஆகவே ஒரு பற்றின் தரத்தை அது எத்துணை ஆழமானது என்பதைக் கொண்டு அளத்தல் போதாது. தனக்கு ஒவ்வாத செய்திக்கு அது இடந்தருகிறதா என்பதைக் கொண்டும் அளத்தல் வேண்டும்.

அயல்நாடுகளில் தமிழ் பயிலும் மாணவர்க்குச் சிலப்பதிகாரம் பெரும்பாலும் வழக்குரை காதையின் வழியாகவே அறிமுகமாகிறது. அதனோடு நீர்ப்படைக் காதையும் வைத்துக் கற்பிக்கப்படுமாயின், கண்ணகிமீது அவர்கள் கொள்ளும் அன்பு குறையாது. பெயரின்றி மாண்ட அவ்வாயிரவரும் அவ்வன்பின் எல்லைக்குள் வருவர்.