ஆவாரங்காடும் சாயநீரும்: கொங்கு நாவல்களில் இயற்கை

கொங்கு நாவல் என்றதும் நிலத்தகராறு, சாதி, வட்டாரப் பேச்சு, பனியன் கம்பெனி என்றுதான் விமர்சனம் போகிறது. அந்த நாவல்களின் செடிகொடிகளைப் பற்றிப் பேச்சே குறைவு. நிலத்துக்குப் பூவின் பெயரை வைத்த திணை மரபில் வந்த நமக்கு இது பெரிய குறை.

கொங்கில் காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் மழை குறைச்சல். கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருக்கும். காங்கேயம் மாடுகள் அங்கேதான் மேயும். பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலையோடு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேண்டும். இரண்டையும் பெரும்பாலும் நட்டு வளர்ப்பதில்லை, காட்டில் தேடித்தான் பறிக்க வேண்டும். காடு மனையானால் பொங்கல் நோம்பிக்குப் பூ இல்லை.

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. கைம்பெண் ஒருத்தி தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். கதை கொலையில் போய் முடிகிறது. காடும் வெள்ளாமையும் அதில் வெறும் வர்ணனை அல்ல, வழக்கே அவற்றின் மேல்தான். பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' (1991) குடியிருப்புக் கட்டக் காட்டைப் பறிகொடுத்த குடும்பத்தின் கதை. அவருடைய 'கூளமாதாரி'யில் வருகிறவர்கள் கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சக்கிலிச் சிறுவர்கள். அந்தக் காட்டில் ஒரு சாண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் அதை அவர்களைப் போல அறிந்தவர் எவருமில்லை. கொங்கு எழுத்து தொட்ட உச்சம் அதுதான் என்பேன்.

ஒப்பிட்டுப் பார்த்தால், அமெரிக்கக் கதைகளில் பூ பெரும்பாலும் மனத்தைக் காட்ட வருகிறது. ஸ்டெய்ன்பெக்கின் சாமந்திக் கதையில் எலிசா என்பவள் ஆசையாக நாற்று கொடுத்தனுப்புகிறாள். வாங்கிப் போனவன் தொட்டியை வைத்துக்கொண்டு நாற்றைச் சாலையில் கொட்டிவிடுகிறான். அவளுடைய ஏமாற்றம் முழுவதும் அந்த நாற்றில் இருக்கிறது. நம் நாவல்கள் இவ்வளவு தூரம் ஒரு செடியை நம்பியதில்லை.

வெள்ளியங்கிரியில் பிறந்து திருப்பூர் வழியே காவிரிக்குப் போகும் நொய்யல் ஆறுதான் கொங்கு நாவலில் காட்டுக்கு அடுத்த கட்டம். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதற்குப் பல ஆண்டு முன்பே சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை'யை எழுதிவிட்டார். தொழிலாளர் நாவல் என்று மட்டும் அதை வகைப்படுத்துவது அநியாயம். ஒரு ஆற்றின் சாவை எழுதிய நாவல் அது. எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' (2004) ஐந்து நண்பர்களோடு சேர்ந்து திருப்பூர் வளர்வதைச் சொல்கிறது.

நான் படிக்கக் காத்திருப்பது பனியன் துணியில் பூ அச்சடிக்கும் பிரிண்டிங் பட்டறையைப் பற்றி. நீள மேசையில் துணிப் பீஸ்களை வரிசையாக ஒட்டி, ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்று மாற்றி மாற்றி இழுப்பார்கள். பச்சை விழுந்த இடத்தை ஒட்டிச் சிவப்பு சரியாக உட்கார வேண்டும். நூலளவு விலகினாலும் இதழ் காம்பை விட்டுப் போய்விடும், பீஸ் ரிஜெக்ட். வெளிநாட்டுக் குழந்தையின் சட்டைக்காக நாள் முழுக்கப் பூ அடிக்கிறவர், காட்டு வேலை இல்லாமல் பஸ் ஏறி வந்தவராக இருப்பார். அவரை வைத்து ஒரு நாவல் திருப்பூரிலிருந்து வர வேண்டும்.