கேமரா கைமாறிய மலையூர்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், நிலக்கரியை நம்பி வாழ்ந்த மலைப்பகுதியில் ஒயிட்ஸ்பர்க் என்றொரு சிற்றூர். வறுமை ஒழிப்புக்காக அரசு ஒதுக்கிய பணத்தில் 1969-இல் அங்கே ஒரு திரைப்படப் பயிற்சிக்கூடம் தொடங்கப்பட்டது. இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து வேலைக்கு அனுப்புவதே திட்டம். ஆனால் கற்றவர்களில் பலர் ஊரிலேயே தங்கி, பயிற்சிக்கூடத்தைத் தங்கள் நிறுவனமாக்கிக்கொண்டார்கள். அதுதான் ஆப்பல்ஷாப். ஆவணப்படங்களோடு நாடகக்குழு, இசைத்தட்டு வெளியீடு, திரையரங்கு, 1985 முதல் சமூக வானொலி என்று அது விரிந்தது.

அவர்கள் ஊரில் தங்கியது ஏன் முக்கியம்? 1960-களில் தொலைக்காட்சிக் குழுக்கள் இந்த மலைகளுக்குப் படையெடுத்து, இடிந்த வீடுகளையும் அழுக்குக் குழந்தைகளையும் காட்டிவிட்டுப் போயின. 1967-இல், ஒயிட்ஸ்பர்க் அடங்கிய லெட்சர் கவுன்ட்டியில், தன் நிலத்தில் குடியிருந்தவரைப் படமெடுத்ததற்காகக் கனடா இயக்குநர் ஹியூ ஓகானரை ஹோபார்ட் ஐசன் என்ற நில உரிமையாளர் சுட்டுக் கொன்றார். அதைப் பற்றி ஆப்பல்ஷாப்பின் எலிசபெத் பாரெட் எடுத்த ‘ஸ்ட்ரேஞ்சர் வித் எ கேமரா’ 2000-இல் வந்தது. கொலையை அவர் நியாயப்படுத்தவில்லை. கேமராவையும் சும்மா விடவில்லை. அதே மலைப்பகுதியைச் சேர்ந்த தனக்கும் பிறரைப் படமெடுப்பதில் என்ன பொறுப்பு என்று கேட்டுக்கொள்கிறார். இந்த நிறுவனத்தின் உச்சம் இந்தத் தன்விசாரணைதான்.

இன்னொரு பலம், துணிவு. 1972-இல் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிக் கழிவுநீர் அணை உடைந்து 125 பேர் இறந்தபோது, அணைக்குச் சொந்தமான நிலக்கரி நிறுவனம் அதைக் கடவுள் செயல் என்றது. ஆப்பல்ஷாப்பின் மிமி பிக்கரிங் 1975-இல் எடுத்த ஆவணப்படம் தன் தலைப்பிலேயே அதை மனிதர் செய்த வினை என்றது. 2005-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது இடம்பெற்றது.

குறைகளும் இதே வேர்களிலிருந்தே வருகின்றன. ‘நம் மக்களின் குரல்’ என்கிறபோது, எந்த மக்கள் என்ற கேள்வி எழாமல் போகாது. சுரங்கக் கூலியால் அடுப்பெரியும் வீட்டில், சுரங்கத்தைச் சாடும் படம் சோற்றில் கைவைப்பதாகவே படும். பல்கலைக்கழகங்களிலும் விழாக்களிலும் கிடைக்கும் கைதட்டல் பக்கத்துவீட்டுக்காரரின் சம்மதம் ஆகாது. இந்த இடைவெளியைக் குறைப்பதில் படத்தைவிட வானொலிக்கே வலிமை அதிகம். உள்ளூர்த் தன்னார்வலர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டைப் போடுகிறார்கள். சுற்றுவட்டாரச் சிறைகளில் இருப்பவர்களுக்கு, தொலைவிலிருக்கும் குடும்பத்தார் சொல்லும் செய்திகளையும் அந்த வானொலி ஒலிபரப்புகிறது. ‘உள்ளூர்’ என்பதன் எல்லையை இதுவே உண்மையில் அகட்டியது.

அடுத்தது பணம். அரசுக் கலைநிதியும் அறக்கட்டளைகளும் தரும் மானியமே பெரும் ஆதாரம். கொடுப்பவரின் அக்கறை மாறினால் எடுக்கும் பொருளும் மாறக்கூடும். சிற்றூரின் டிக்கெட் வசூல் அதை ஈடுகட்டாது.

மூன்றாவது குறை, 2022 ஜூலை வெள்ளத்தில் வெளிப்பட்டது. ஆற்றங்கரைக் கட்டடத்துக்குள் நீர் புகுந்து, பல பத்தாண்டுகளின் படச்சுருள்களும் ஒலிநாடாக்களும் சேற்றில் ஊறின. ஒரு வட்டாரத்தின் நினைவைப் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் வைத்திருந்தது பெரும் பிழை.

ஆனாலும் தராசு இந்த நிறுவனத்தின் பக்கமே சாய்கிறது. ஊருக்கொரு திரைமையம் அமைக்க விரும்புவோர் இதன் பயிற்சிமுறையையும் வானொலியையும் எடுத்துக்கொள்ளட்டும். மானியத்தையே நம்பியிருக்கும் நிலையைத் தவிர்க்கட்டும். முதல் படத்தை எடுத்த அன்றே அதன் பிரதியை வேறோர் ஊரில் சேமிக்கட்டும்.