‘யாருமில்லை’ என்று சொன்னது யார்?

கிம் ஸ்டான்லி ராபின்சனின் ‘ரெட் மார்ஸ்’ நாவல் 1992-ல் வந்தது. செவ்வாயைச் சூடேத்தி, காத்தைக் கெட்டியாக்கி, மனுசன் குடியேறத் தோதாக்கணும் என்கிறார் சாக்ஸ். கல்லும் மண்ணும் இருக்கிறபடியே இருக்கட்டும் என்கிறார் ஆன். நான் ஆன் பக்கம். ஆனால் எனக்குக் காரணம் கல்லின் அழகு அல்ல.

அதே 1992-ல்தான் மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், வெள்ளையர் வந்தபோது அது ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்ற பொய்யைத் தள்ளியது. கண்ணெதிரே பூர்வகுடிகள் இருந்தும் ‘யாருமில்லை’ன்னு எழுதி வச்சிருந்தாங்க. செவ்வாயில் ஒரு நுண்ணுயிர்கூட இல்லாமலிருக்கலாம். ஆனால் அதை முடிவுகட்டுவது யார்? நாவலில் வாதாடுகிற இருவருமே குடியேறப் போனவர்கள்தான். நிலத்தை எடுத்துக்கப் போறவனே அது காலி என்று சாட்சி சொன்னால், அந்தச் சாட்சி செல்லுமா தோழர்களே?