பாட்டுக்கு முன்பே வந்த புகழ்

ஆஸ்திரேலியப் பெண்கள் குழுவான பார்டோ 2000 ஏப்ரலில் வெளியிட்ட 'பாய்சன்' என்னும் சிங்கிள், அதாவது ஆல்பத்துக்கு முன்னோட்டமாகத் தனியே விற்கப்படும் பாட்டு, அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் நுழைந்தபோதே முதலிடத்தில் அமர்ந்தது. பின்வந்த முதல் ஆல்பமும் அவ்வாறே அமர்ந்தது. இதற்கான காரணத்தைப் பாட்டுக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. நியூசிலாந்தில் 1999இல் ட்ரூபிளிஸ் குழுவை உருவாக்கிய 'பாப்ஸ்டார்ஸ்' நிகழ்ச்சி வடிவத்தை ஆஸ்திரேலியாவின் செவன் தொலைக்காட்சி எடுத்தாண்டு, குரல் தேர்வு முதல் ஒலிப்பதிவு வரை அனைத்தையும் வாரந்தோறும் ஒளிபரப்பியதால், பாட்டு கடைக்கு வருமுன்னரே வாங்குவோர் ஆயத்தமாக இருந்தனர்.

இம்முறையில் ஒரு நேர்மை உண்டு. விளம்பரம் கொடுத்து ஆள் சேர்ப்பது பாப் உலகுக்குப் புதிதன்று. ஸ்பைஸ் கேர்ள்ஸ் குழுவும் 1994இல் அப்படித் தொடங்கியதே. பிறர் திரைக்குப் பின்னால் செய்ததைப் 'பாப்ஸ்டார்ஸ்' திரையிலேயே காட்டியது. தேர்வான ஒருவர் இடையில் விலக, டிஃபனி வுட் சேர்க்கப்பட்டதும்கூடக் கதையின் பகுதியாயிற்று. தேர்வு நடுவர்கள் கையில் இருந்ததால் பார்வையாளருக்கு வாக்கு கிடையாது; பிடித்தவரை ஆதரிக்க விரும்பியவருக்கு இருந்த நேரடி வழி வட்டை வாங்குவதுதான். முதலிடத்துக்குள் ஒளிந்திருந்த வாக்கெடுப்பு இது எனலாம்.

குறையும் இங்கிருந்தே பிறக்கிறது. தொடர் ஐந்து பெண்களைத் தனித்தனி மனிதர்களாகப் பழக்கிவைக்க, பாட்டோ அதன் பல்லவியில் ஐந்து குரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே மெருகில் கரைத்துவிடுகிறது. நடன அரங்குக்கு ஏற்ற அந்தத் தாளக்கட்டு இன்றும் சலிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் யார் பாடுகிறார் என்று கேட்கத் தூண்டாத பாட்டு, முகங்களை நம்பி எழுந்த குழுவுக்கு நெடுநாள் துணைநிற்க இயலாது.

தொலைக்காட்சியோ காத்திருக்கவில்லை. 2001இல் அதே நிகழ்ச்சியின் அடுத்த பருவம் ஸ்கேண்டலஸ் என்னும் குழுவை ஈன்றது. அதன் முதல் சிங்கிளும் முதலிடம் பிடித்தது. ஓராண்டு இடைவெளியில் வேறு பாட்டுக்கும் வேறு குழுவுக்கும் அதே வரவேற்பு கிடைத்ததெனில், விற்றது பாட்டைவிடத் தொடர்தான் என்பது தெளிவு. பார்டோவிலிருந்து கேட்டி அண்டர்வுட் 2001இல் விலக, எஞ்சிய நால்வரும் 2002இல் பிரிந்தனர். அவர்களுள் பிற்காலத்தில் மிகுதியும் அறியப்பட்ட சோஃபி மங்க்குக்கு அப்புகழைத் தந்ததும் பெரும்பாலும் தொலைக்காட்சியே.